தானியத்தைக் குறையுங்கள், தண்ணீரை வையுங்கள்: பெங்களூர்த் தமிழ் வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

அல்சூர், ஜீவன்பீமா நகர், விக்ஞான நகர், ராமமூர்த்தி நகர் பக்கமெல்லாம், காலையில் எழுந்ததும் பின்கட்டிலோ மொட்டைமாடியிலோ பறவைகளுக்கு ஏதாவது வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று இருக்கும் பெரியவர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அடுக்ககத்தில் நலச்சங்கம் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கைதான் இந்த மடலுக்குக் காரணம். எந்தப் பறவைக்கும் எந்த உணவும் வைக்கக் கூடாதாம். தண்ணீர்க் கிண்ணமும் கூடாது. மீறினால் அபராதம். எல்லா பால்கனிக்கும் வலை. அதைப் படித்துவிட்டு உங்களில் பலர் கொதித்துப்போயிருக்கிறீர்கள். "காக்காய்க்குச் சோறு வைக்காதே என்று சொல்ல இவர்கள் யார்?" என்று அங்கே குடியிருக்கும் ஒரு பாட்டி என்னிடமே கேட்டார். அவர் கோபம் நியாயமானது. தண்ணீருக்குக்கூடத் தடை போடும் அந்த அறிக்கையை என்னாலும் ஏற்க முடியவில்லை.

ஆனாலும் சங்கத்துக்கு எழுதுவதற்கு முன்னால் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அந்த வலையை வரவழைத்தது புறா. புறாவை வரவழைத்தது மாடியில் கிலோ கணக்கில் நாம் கொட்டும் கம்பும் சோளமும் அரிசியும். அதை நாமே நிறுத்தினால்தான் மற்ற பறவைகளுக்காகப் பேச நமக்கு வாய் இருக்கும்.

தானியம் கொட்டுவதை நிறுத்துங்கள். தண்ணீர் வைப்பதை நிறுத்தாதீர்கள். காக்காய்க்கு வைக்கும் கைப்பிடிச் சோற்றை யார் சொன்னாலும் விட வேண்டாம். பறவைகள் மேல் உங்களுக்கு இருக்கும் மீதி அன்பையெல்லாம் செடியாகவும் மரமாகவும் நட்டு வையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாடப்புறா பாறைச் சரிவுகளில் வாழ்ந்து வந்த பறவை. பாறை இடுக்கில் நாலு குச்சியைப் போட்டு முட்டையிட்டுப் பழகியது. நம் கட்டடத்தின் சன்ஷேட், ஏ.சி. பெட்டியின் பின்பக்கம், குளியலறைக் குழாய்கள் இறங்கும் டக்ட் எல்லாம் அதற்கு அந்தப் பாறை இடுக்குகள்தான். மரமே வேண்டியதில்லை. இடத்தை நகரம் கொடுத்துவிட்டது, சாப்பாட்டை நாம் கொடுக்கிறோம்.

இதற்கு மேல் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை அறிந்த பிறகுதான் இந்தச் சிக்கலே எனக்கு முழுதாகப் புரிந்தது. புறாவுக்கு, ஆண் பெண் இரண்டுக்குமே, கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பையில் பால் போல ஒன்று சுரக்கும். குஞ்சு பொரித்து வந்த முதல் நாட்களில் தாயும் தகப்பனும் அதைத்தான் ஊட்டுகின்றன. ஆக, பெரிய புறாக்களுக்குத் தானியம் கிடைத்தால் போதும், குஞ்சுக்கும் சாப்பாடு ஆகிவிடும். புழு பூச்சி தேட வேண்டாம், பருவத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை, ஏறக்குறைய 18 நாள் அடைகாப்பு, வருஷத்தில் பல ஈடு. தானியம் குறையாத வரை இது நிற்காது.

சிட்டுக்குருவியின் கதை வேறு. வளர்ந்த குருவி தானியம் தின்னும், ஆனால் அதன் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் வேண்டும். சின்னான், தையல்சிட்டு, தேன்சிட்டு, குண்டுக்கரிச்சான், தவிட்டுக்குருவி எல்லாமே குஞ்சுக்குப் பூச்சி ஊட்டுபவைதான். நாள் முழுக்கத் தேன் குடிக்கும் தேன்சிட்டுகூட குஞ்சுக்கு எட்டுக்கால் பூச்சியையும் சின்னப் புழுக்களையும் பிடித்து வருகிறது. நீங்கள் மூட்டை மூட்டையாகக் கம்பு போட்டாலும் இவற்றின் குஞ்சுகளில் ஒன்றுகூட அதனால் வளராது. எல்லாப் பறவைக்கும் என்று நினைத்துத்தான் போடுகிறீர்கள், ஆனால் அது போய்ச் சேர்வது ஒரே ஒரு பறவைக்கு.

இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் வெளிவந்த அறிக்கையில், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி அதிகம் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று இருந்தது. அந்த நகரங்களில் பெங்களூரும் ஒன்று. 2023இல் வந்த அடுத்த அறிக்கை, நகரத்து மாடப்புறா பெருகிக்கொண்டே போவதைக் காட்டியது. குருவி குறைந்ததற்கு நாம் எல்லோரும் செல்போன் கோபுரத்தைத்தான் சொல்கிறோம். அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. குஞ்சுக்குப் பூச்சி இல்லை, கூடு வைக்க ஓட்டு இடுக்கு இல்லை என்பவைதான் நம்பத்தக்க காரணங்கள். நம் தெருக்களில் மங்களூர் ஓட்டு வீடுகள் இடிந்து, 30க்கு 40 அடி சைட்டில் நாலு மாடி எழும்பியதை நாமே பார்த்தோம். நம்மில் பலர் அந்த மாடிகளில்தான் இன்று இருக்கிறோம்.

சரி, புறாவும் ஒரு உயிர்தானே, அதைப் பட்டினி போடுவது பாவம் இல்லையா என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்விட்சர்லாந்தில் பாசெல் என்று ஒரு நகரம். அங்கே பல வருஷங்களாகப் புறாக்களைப் பிடித்தும் சுட்டும் கொன்றார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் புறாக்கள் செத்தும் எண்ணிக்கை குறையவில்லை, 20,000 பக்கமே நின்றது. சாப்பாடு அப்படியே கிடைத்துக்கொண்டிருந்ததால், செத்தவற்றின் இடத்தைப் புதிதாகப் பிறந்தவை நிரப்பிவிட்டன. 1988இல் வழியை மாற்றினார்கள். தீனி போடுவது புறாவுக்கே கெடுதல் என்று மக்களிடம் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். போடுகிறவர்கள் குறைந்தார்கள். நாலைந்து வருஷத்தில் புறாக்கள் பாதியாகிவிட்டன. தீனி குறைந்தபோது அவை குறைவாகக் குஞ்சு பொரித்தன, வேறு இடம் தேடிப் போயின. ஒரு டக்ட்டுக்குள் நெருக்கியடித்து, கால்விரல்களில் நூல் சுற்றி அழுகி, நோயில் விழும் வாழ்க்கை அவற்றுக்கும் நல்லதல்ல. நெருக்கம் கூடும் இடத்தில்தான் புறாக்களுக்குள் தொண்டைப் புண் நோய் பரவுகிறது. நோய்ப்பட்ட புறாவைத் தின்னும் வல்லூறுக்கும் அது தொற்றும்.

ஒரே நாளில் நிறுத்த மனம் வராதவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைத்து இரண்டு மூன்று வாரத்தில் நிறுத்துங்கள். நல்ல இறக்கை உள்ள பறவை அது. தீனி தேடிப் பல கிலோமீட்டர் போகும்.

நம் உடம்பையும் பார்க்க வேண்டும். காய்ந்த எச்சமும் இறகுத் தூளும் காற்றில் கலந்து வருஷக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால், சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிப் போகும், அது திரும்பாது. எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் ஆஸ்துமாவோடு ஒரு குழந்தை இருக்கிறதா, ஓயாமல் இருமும் ஒரு தாத்தா இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளாமல் தானியம் போட நமக்கு உரிமை இல்லை. எச்சத்தைச் சுத்தம் செய்யும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத் துடையுங்கள். காய்ந்ததைப் பெருக்காதீர்கள். இரவில் மிஞ்சும் தானியத்துக்கு எலி வரும், எலிக்கு யாராவது விஷம் வைப்பார்கள், அந்த எலியைப் பிடித்த கூகையும் சாகும்.

மும்பையில் 2025இல், புறாக்களுக்குத் தீனி போடும் பொது இடங்களான கபூதர்கானாக்களை மூடச் சொன்னபோது என்ன நடந்தது என்று செய்தியில் பார்த்தோம். தாதரில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், கூட்டம் வந்து கிழித்தது, வழக்கு உயர்நீதிமன்றத்தில் நின்றது. பறவை நேசம் என்பது இரண்டு கூட்டங்களின் சண்டையாக மாறிப்போனது. நம் தெருவில் அது வேண்டாம்.

அப்புறம், காக்காய்க்குச் சோறு. அமாவாசைக்கும் திவசத்துக்கும் வைப்பது, தினமும் தான் சாப்பிடும் முன் ஒரு பிடி வைப்பது, தை 2ஆம் தேதி மஞ்சள் இலையில் கணுப்பிடி வைப்பது, இதையெல்லாம் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வழக்கத்தின் அளவே சரியான அளவு. ஒரு கைப்பிடி, காக்காய் வந்து ஐந்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு போய்விடும், தரையில் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சினால் அள்ளி எடுத்துவிடுங்கள். உப்பு, மிளகாய், எண்ணெய் சேர்ந்த எதையும் வைக்காதீர்கள். மிக்சர், சிப்ஸ், பிஸ்கட், ரொட்டி எதுவும் வேண்டாம். அதிக உப்பைச் சமாளிக்கும் சிறுநீரகம் இந்தப் பறவைகளுக்கு இல்லை. ரொட்டி வயிற்றை அடைக்குமே தவிர சத்தில்லை. பாலும் கூடாது, பறவைக்கு அது செரிக்காது. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையும் சோளமும் நமக்கு எவ்வளவு விஷமோ அவ்வளவு விஷம் அவற்றுக்கும். பச்சரிசி தின்றால் பறவையின் வயிறு வெடித்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு, அது மட்டும் பொய்.

குருவிக்கும் சில்லைக்கும் தானியம் வைத்தே ஆக வேண்டும் என்றால் நம் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. நெற்கதிரையோ தினைக்கதிரையோ கொத்தாகக் கட்டி முற்றத்தில் தொங்கவிடுவார்கள். ஊருக்குப் போய் வரும்போது ஒரு பிடி கதிர் கொண்டு வாருங்கள். மெல்லிய கம்பியில், சுவரைவிட்டுத் தள்ளித் தொங்கவிட்டால் குருவியும் புள்ளிச் சில்லையும் கதிரைப் பற்றிக்கொண்டு தின்னும். கனத்த புறாவால் அதில் தொற்றி நிற்க முடியாது. கீழே சிந்துவதைச் சாயங்காலம் பெருக்கிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் என்னிடம் சமரசம் கிடையாது. 2016 ஏப்ரல் 24 அன்று இந்த ஊரில் 39.2 டிகிரி வெயில் பதிவானது. அதுவரை பெங்களூர் காணாத வெயில். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்காக நாம் எல்லோரும் காத்துக் கிடந்தோம். நமக்கே இல்லாத அந்த மாதங்களில், ஏரியும் குட்டையும் சுருங்கிப்போன ஊரில், ஒரு சின்னான் எங்கே போய்க் குடிக்கும்? ஒரு கிண்ணத்துக்கு அரை லிட்டர் போதும். விளிம்பு அகன்ற மண் சட்டியாக இருக்கட்டும், ஆழம் இரண்டு விரல்கடைக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். வழுவழுப்பான எவர்சில்வர் தட்டில் கால் வழுக்கும், வெயிலில் கொதித்தும் போகும். பூனை பதுங்கும் செடிக்கு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், குளிக்கும் பறவைக்குச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தண்ணீர் வைத்தால் டெங்கு வரும் என்பது சங்கத்தின் வாதம். கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போல ஆகும். தினமும் கொட்டிக் கழுவி மாற்றும் சட்டியில் எந்தக் கொசுவும் வளராது. மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயரும், மூடாத சம்ப்பும்தான் கொசுவை வளர்க்கின்றன. ஆனால் தினமும் மாற்ற வேண்டும், நாரைப் போட்டுத் தேய்க்க வேண்டும், வாரம் ஒருமுறை வெயிலில் காய வைக்க வேண்டும். இதைச் செய்ய முடியாதவர்கள் சட்டியே வைக்காமல் இருப்பது பறவைக்கு நல்லது. அழுக்குத் தண்ணீரில் ஒரு பறவையின் நோய் இன்னொன்றுக்குப் போகும்.

தண்ணீர் வைத்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். புள்ளிப்புறா சத்தமே இல்லாமல் வந்து தலையைத் தூக்காமல் உறிஞ்சிக் குடிக்கும். செம்மீசைச் சின்னான் ஜோடியாக வந்து, ஒன்று குளிக்க ஒன்று காவல் நிற்கும். தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து சட்டியையே காலி செய்யும். தேன்சிட்டு சட்டிக்கு வராமல், செம்பருத்திக்குத் தண்ணீர் தெளித்த பிறகு நனைந்த இலைமேல் உருண்டு குளிப்பதை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

இனி செடிகள். எனக்கு இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே மூன்றடி மண் இருந்தாலே நிறையச் செய்யலாம். அந்த மூன்றடிக்கும் பலர் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். போடாதவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், போட வேண்டாம்.

கறிவேப்பிலையை எல்லோரும் வைத்திருக்கிறோம். அது பூத்துக் காய்த்துக் கறுப்பாகப் பழுக்கும்போது, இலை குறைகிறது என்று காய்க்கொத்தைக் கிள்ளிப் போடுகிறோம். ஒரு கிளையையாவது பழுக்க விடுங்கள். குயிலும் சின்னானும் அதற்காகவே வரும். செடியில் எச்சம் ஒட்டியது போல ஒரு புழு தெரியும். அது எச்சமல்ல, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. அதற்கு மருந்து அடிக்காதீர்கள். தையல்சிட்டு குஞ்சுக்குப் புழு தேடி அந்தச் செடிக்குத்தான் வருகிறது. முருங்கை பூக்கும் நாட்களில் தேன்சிட்டுகள் மரத்தைவிட்டு இறங்காது. கம்பளிப்பூச்சி வந்தால் அடிமரத்தில் கும்பலாக இருக்கும் நேரத்தில் அந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மரம் முழுக்க விஷம் தெளிக்க வேண்டியதில்லை.

செம்பருத்தி, இட்லிப்பூ இரண்டும் தொட்டியிலேயே வளரும், தேன்சிட்டுக்குப் போதும். செம்பருத்தியில் அது நேராக வாயை வைக்காமல் பூவின் அடியில் துளை போட்டுக் குடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய பாட்டில் எதற்கு? நம் வெயிலில் அது சீக்கிரம் புளித்துப்போகும், பூஞ்சை பிடிக்கும். மணத்தக்காளி தானாகவே முளைக்கும், பிடுங்காமல் விட்டால் போதும். கொஞ்சம் பெரிய இடம் இருப்பவர்கள் தேன்பழ மரம் வையுங்கள், கன்னடத்தில் கசகசே மரம் என்பார்கள். கிடுகிடுவென வளரும், ஏறக்குறைய வருஷம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் பழம். குக்குறுவான், பூங்கொத்தி, வெள்ளைக்கண்ணி, குயில் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் பார்க்கலாம். இது வெளிநாட்டு மரம்தான். பழுத்துக் கொடுக்கிறது, அதனால் எனக்குக் குறையில்லை. அத்தி வைக்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள்.

"குட்ரூ குட்ரூ" என்று நாள் முழுக்கக் கேட்கிறதே, அது சின்னக் குக்குறுவான். பட்டுப்போன கிளையில் அலகால் குடைந்து பொந்து செய்துதான் அது குஞ்சு பொரிக்கும். ஆகவே முருங்கையிலோ மாவிலோ ஒரு காய்ந்த கிளை இருந்தால், யார் தலையிலும் விழாது என்றால், வெட்டாமல் விடுங்கள். அடுத்தது சருகு. தினமும் கூட்டிக் குவித்து எரிக்கிறோம். ஒரு மூலையில் அப்படியே கிடக்க விடுங்கள். குண்டுக்கரிச்சானும் தவிட்டுக்குருவியும் அதைக் கிளறித்தான் பூச்சி பொறுக்குகின்றன. அக்டோபரில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி, பறந்து களைத்து, பெங்களூர் வீடுகளின் தோட்டத்தில் இறங்குவது உண்டு. பச்சையும் நீலமும் சிவப்பும் கலந்த அந்தப் பறவை சருகுக்குள்தான் இரை தேடும். சிமென்ட் தரையில் அதற்கு ஒன்றும் கிடைக்காது.

எண்பதுகளில் நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி முன்னின்று இந்த ஊரில் 15 லட்சம் மரங்கள் நட வைத்தார். இன்று நாம் காலையில் கேட்கும் குரல்களில் பல அந்த மரங்களிலிருந்து வருபவை. அதில் ஒவ்வொன்றாகச் சாலைக்கும் மேம்பாலத்துக்கும் போய்க்கொண்டிருக்கும்போது, வீட்டுக்குள் நிற்கும் மரங்களின் பொறுப்பு கூடிவிட்டது.

மார்ச்சிலிருந்து ஜூன் வரை பெரும்பாலான தோட்டப் பறவைகளுக்குக் கூடு வைக்கும் காலம். கிளை கழிக்க வேண்டியிருந்தால் அதற்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள், ஆள் ஏறுவதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ அழிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்ற கணக்கில் வருகிறது. பறக்கப் பழகும் குஞ்சு தரையில் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குள் தூக்கிப் போகாதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத செடியில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள், மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. உண்மையிலேயே அடிபட்டிருந்தால் காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, எதையும் ஊட்டாமல், கெங்கேரி பக்கம் இருக்கும் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

நாம் தானியத்தை நிறுத்துவதோடு சங்கத்திடம் சிலவற்றைக் கேட்டுப் பெறவும் வேண்டும். தளர்வாகக் கட்டும் நைலான் வலையில் சின்னானும் ஆந்தையும் வல்லூறும் சிக்கி, இறக்கை முறிந்து, யாரும் பார்க்காமல் சாகின்றன. அதற்குப் பதிலாக டக்ட்டின் மேல் வாயையும் ஏ.சி. இடுக்குகளையும் விறைப்பான கம்பி வலையால் அடைக்கச் சொல்வோம், உள்ளே கூடு இல்லை என்று உறுதிசெய்த பிறகு. புறா தங்கும் இடமே இல்லையென்றால் பால்கனி வலைக்கு அவசியம் இருக்காது. தண்ணீர்ச் சட்டிக்கு அனுமதி வேண்டும், தினமும் கழுவும் பொறுப்பை நாம் எழுதிக் கொடுப்போம். பொதுத் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பதைக் குறைக்க வேண்டும். இவை கேட்கத் தகாதவை அல்ல.

கேட்கப் போகும்போது கையில் ஒரு கணக்கு இருந்தால் பலம். காலையில் 15 நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வந்த பறவை எது, எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். பிப்ரவரியில் நாலு நாள் உலகம் முழுக்க வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது, 2013 முதல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. அதற்குக் கேட்கும் நேரமும் அதே 15 நிமிஷம்தான். ஈபேர்ட் செயலியில் பதிந்தால் உங்கள் பின்கட்டின் கணக்கும் ஆராய்ச்சியாளர்கள் கைக்குப் போகும். பெயர் தெரியாவிட்டால் மெர்லின் என்ற செயலி குரலைக் கேட்டே சொல்லும், பேரப்பிள்ளைகள் போட்டுக் கொடுப்பார்கள். அது சில சமயம் தவறாகவும் சொல்லும், கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். ஆளோடு சேர்ந்து பழக விரும்பினால் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் லால்பாக் போங்கள், பல பத்தாண்டுகளாகப் பறவை பார்ப்பவர்கள் அன்று அங்கே கூடுகிறார்கள். புதியவர்களை முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொள்வார்கள். "இந்த வளாகத்தில் இத்தனை வகைப் பறவை இருக்கிறது, அதில் புறா ஒரே ஒரு வகைதான்" என்று எழுதிய தாளை நீட்டினால், எல்லாப் பறவைக்கும் தடை என்று சொல்ல அந்தச் சங்கமும் யோசிக்கும்.

அந்தப் பாட்டி உட்பட, வரும் கூட்டத்தில் பேச விரும்புகிறவர்கள் முன்னதாக ஒரு சாயங்காலம் ஒன்றுசேர்ந்து பேசிக்கொள்வோம். எங்கள் பின்கட்டில் கறிவேப்பிலைக் கன்றும் மணத்தக்காளி நாற்றும் நிறைய முளைத்துக் கிடக்கின்றன, பெரும்பாலும் பறவைகள் போட்ட விதைதான். செம்பருத்திக் குச்சியும் வெட்டித் தருகிறேன். தொட்டியோ பழைய பக்கெட்டோ கையோடு கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ஜீவன்பீமா நகரிலிருந்து உங்களில் ஒருவர்